ஐப்பசி முதல் தை வரை: ஜி.எஸ்.டி. சாலையில் சைக்கிளுக்கு என்ன விளக்கு?

நவம்பர் மூன்றாவது வாரத்தில் சென்னையில் மாலை 5.40க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஆண்டிலேயே சீக்கிரம் இருட்டும் நாட்கள் அவை. ஜனவரி பிற்பாதியில் காலை 6.35 வாக்கில்தான் பொழுது விடியும். இந்த இரண்டுக்கும் இடையில் வடகிழக்குப் பருவமழை, மார்கழிப் பனி, போகிப் புகை எல்லாம் வந்து போய்விடும். குளிர்காலம் என்று நம்மூரில் சொல்வது இதைத்தான். பீர்க்கன்கரணையிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு இந்த மாதங்களில் போகும்போது ஒரு இருட்டு, திரும்பும்போது ஒரு இருட்டு.

2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேரும்வரை தனிப் பேரூராட்சியாக இருந்த ஊர் இது. ஒருபுறம் ஏரி, ஒருபுறம் ரயில் பாதை, நடுவே சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலை. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, அங்கிருந்து நகருக்குள் போகும் பேருந்துகளும் ஆட்டோக்களும் இந்த வழியேதான் பாய்கின்றன. அதே சாலையின் இடது ஓரத்தில் சைக்கிள்களும் போகின்றன: இரவுக் காவலுக்குப் போகிறவர்கள், அடுக்குமாடிகளில் பெருக்கித் துடைக்கப் போகும் பெண்கள், சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் ஏற்றுமதி மண்டல ஆலைகளுக்கு ஷிஃப்டு போகிறவர்கள், பால் பாக்கெட் போடுகிறவர்கள், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்கள், ஸ்பெஷல் கிளாஸ் முடித்துத் திரும்பும் பிள்ளைகள். உடற்பயிற்சிக்காக விலை உயர்ந்த சைக்கிளில் விடியற்காலையில் வண்டலூர் பக்கம் போகிறவர்களிடம் விளக்கு இருக்கிறது. பிழைப்புக்காக ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோரிடம் இல்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் ஆண்டுதோறும் மாலை 6 முதல் 9 வரையிலான மூன்று மணி நேரத்தில்தான் அதிக விபத்துகள் பதிவாகின்றன. 2022இல் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105. வேலை முடிந்து சைக்கிள் வீடு திரும்புவதும் சரியாக அந்த மூன்று மணி நேரத்தில்தான்.

சைக்கிள் விளக்கு வாங்கக் கடைக்குப் போனால் முதலில் வரும் பேச்சு, எத்தனை லூமன் என்பது. அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது என்பது என் முடிவு. நமக்குச் சாலை தெரிவது ஒரு விஷயம், பின்னால் வருகிறவருக்கு நாம் தெரிவது வேறு விஷயம். ஜி.எஸ்.டி. சாலையில் எனக்கு அதிகம் பயம் தருவது இரண்டாவது. அதனால் கையில் இருக்கும் காசை முதலில் பின்விளக்குக்கும் கணுக்காலில் கட்டும் ஒளிப்பட்டைக்கும் செலவழிக்க வேண்டும். மீதியில்தான் முன்விளக்கு.

கணக்கு எளிது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்தால் அதற்குள்ளேயே 25 மீட்டர் போயிருக்கும். காய்ந்த ரோட்டில் வண்டி நிற்க மேலும் 20 முதல் 25 மீட்டர். நனைந்த ரோட்டில் இன்னும் கூடும். ஆக, சைக்கிள்காரர் குறைந்தது 50, 60 மீட்டருக்கு அப்பாலேயே கண்ணில் பட்டாக வேண்டும். கறுப்புச் சட்டையோடு விளக்கில்லாமல் போகிறவர் டிம் லைட்டில் அவ்வளவு தூரத்தில் தெரியமாட்டார்.

சரி, ஏதோ ஒரு விளக்கு இருந்தால் போதுமா? இங்கேதான் ஆராய்ச்சி சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பார்வையியல் பேராசிரியர் ஜோயன் வுட்டும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்து 2012இல் வெளியிட்டார்கள். பொதுப் போக்குவரத்து இல்லாத சாலையில் இரவில் ஓட்டுநர்களைக் காரோட்ட வைத்து, சைக்கிள்காரர் தெரிந்தவுடன் சொல்லச் சொன்னார்கள். சைக்கிள்காரர் கறுப்பு உடையில் இருந்தபோது 2 சதவீத முறைதான் அடையாளம் கண்டார்கள். பகலில் பளிச்சென்று தெரியும் ஃப்ளோரசன்ட் மேலாடைக்கு 15 சதவீதம். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டுக்கு 50. அதே ஜாக்கெட்டோடு கணுக்காலிலும் முழங்காலிலும் ரிஃப்ளெக்டர் பட்டை கட்டியபோது 90. கைப்பிடியில் பொருத்திய விளக்கு, நிலையாக எரிந்தாலும் சிமிட்டினாலும், அடையாளம் காண்பதைக் கூட்டவில்லை.

பெடல் மிதிக்கும் காலில் கட்டிய பட்டை மேலும் கீழும் போய் வரும். மனிதன் அசைவதை நம் கண் வெறும் சில புள்ளிகளிலிருந்தே கண்டுகொள்ளும். 1973இல் சுவீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் உடல் மூட்டுகளில் புள்ளி வெளிச்சம் மட்டும் வைத்து இதை நிறுவினார். ஒற்றை விளக்கு இருட்டில் ஏதோ இருக்கிறது என்று சொல்லும். ஏறி இறங்கும் இரண்டு பட்டைகள், அது ஒரு ஆள், சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறான் என்று சொல்லிவிடும். பெருங்களத்தூர் மேம்பாலத்தடியில் மாலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் இந்த வித்தியாசத்தின் அருமை புரியும். பைக் விளக்குகள், ஆட்டோ விளக்குகள், கடைப் பலகைகள், சரம் சரமாய் எல்.இ.டி. போட்ட தள்ளுவண்டிகள் என்று எங்கும் வெளிச்சப் புள்ளிகள். அத்தனைக்கு நடுவில் நம் விளக்கும் இன்னொரு புள்ளியாகக் கரைந்துபோகும்.

அப்படியானால் விளக்கே வேண்டாமா என்றால், அதற்கு டென்மார்க் பதில் சொல்கிறது. 2004–05இல் ஒடென்ஸ் நகரில் 3,845 சைக்கிள்காரர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் சக்கரக் கம்பியில் காந்தம் வைத்து இயங்கும் சிறு விளக்குகளைக் கொடுத்தார்கள். பேட்டரி இல்லை, சுவிட்ச் இல்லை. சக்கரம் சுற்றும்வரை பகலிலும் இரவிலும் எரிந்துகொண்டே இருக்கும். ஓராண்டு முடிவில் அந்தப் பிரிவில் காயம் ஏற்படுத்திய விபத்துகள் 19 சதவீதம் குறைவு. விபத்துக் கணக்கைச் சைக்கிள்காரர்களே சொன்னார்கள் என்பதால் எண்ணைச் சற்றுக் கவனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்த அளவுக்குப் பெரிய சோதனைகள் இத்துறையில் அரிது. நம் நாட்டிலும் 2017 ஏப்ரல் முதல் விற்கும் இருசக்கர மோட்டார் வாகனங்களில் இன்ஜின் ஓடும்போது முன்விளக்கு தானாக எரியவேண்டும் என்ற விதி இருக்கிறது. அதன் காரணமும் இதுவேதான்: பார்ப்பதற்காக அல்ல, பார்க்கப்படுவதற்காக.

இரண்டு ஆய்வையும் சேர்த்து வைத்தால் முரண்பாடு இல்லை. விளக்கு கவனத்தை இழுக்கிறது, பட்டை ஆளைக் காட்டுகிறது. இரண்டும் வேண்டும்.

ரிஃப்ளெக்டரை மட்டும் நம்புகிறவர்கள் அதன் குறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வந்த வெளிச்சத்தை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. பைக்கில் வருகிறவரின் கண் விளக்குக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவருக்கு நன்றாக மின்னும். லாரியிலும் பஸ்ஸிலும் விளக்கு கீழே, ஓட்டுநர் உயரத்தில். கிட்டே வர வர, திரும்பிப் போகும் ஒளி விளக்கை நோக்கிப் போகுமே தவிர அவர் கண்ணுக்கு அதிகம் எட்டாது. நம்மை அதிகம் காயப்படுத்தக்கூடிய வண்டிக்குத்தான் ரிஃப்ளெக்டர் கிட்டத்தில் குறைவாகத் தெரிகிறது. பக்கத் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு மூக்கை நீட்டும் வண்டிக்கோ அது தெரியவே தெரியாது, அதன் வெளிச்சம் நம்மீது விழுவதற்குள் நாம் அதன் முன்னால் வந்திருப்போம். இன்னொன்று, அழுக்கு. மழைக்காலத்தில் நிறுத்தியிருக்கும் எந்தச் சைக்கிளையும் குனிந்து பாருங்கள். பின் மட்கார்டில் திருகிய அந்தச் சிவப்பு வில்லை, சக்கரம் அடித்த செம்மண்ணில் மெழுகிக் கிடக்கும். கட்டைவிரலால் துடைத்தால்தான் உள்ளே சிவப்பு இருப்பதே தெரியும்.

பின்விளக்கு வாங்குகிறவர்கள் வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து சீட்டுக் கம்பியில் மாட்டுகிறார்கள். நம்மூர்ச் சைக்கிளில் அங்கே மாட்டினால் பயனில்லை. பின்னால் கேரியர் இருக்கிறது. கேரியரில் சாப்பாட்டுப் பை, மடித்த ரெயின்கோட், சில நாள் அரிசி மூட்டை, சில நாள் பிள்ளை. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சீட்டுக்குப் பின்னால் விழும். வாங்கிய விளக்கு இவற்றுக்குள் எரிந்துகொண்டிருக்கும், வெளியே யாருக்கும் தெரியாது. கேரியரின் கடைசிக் கம்பியிலோ மட்கார்டின் நடுவிலோ பொருத்த வேண்டும். மாட்டிய பிறகு, சுமையும் ஏற்றி ஆளும் உட்கார்ந்த நிலையில், இன்னொருவரை நூறு அடி பின்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்வது கடையில் பார்ப்பதைவிட நல்ல சோதனை.

சிமிட்டும் விளக்கா, நிலையாக எரியும் விளக்கா என்பதில் நாடுகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஜெர்மனி சிமிட்டலை அனுமதிப்பதில்லை. பிரிட்டன் 2005 முதல் அனுமதித்தது. சிமிட்டல் கண்ணை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் அணைந்து எரியும் புள்ளி எவ்வளவு தூரத்தில், எந்த வேகத்தில் போகிறது என்று கணிப்பது கடினம் என்பதும் உண்மை. எரிந்தபடியே இருந்து இடையிடையே கூடுதலாகத் துடிக்கும் வகை கிடைத்தால் அதையே எடுப்பேன். கிடைக்காவிட்டால் மெயின் ரோட்டில் நிலையான வெளிச்சம், பகல் மழையில் சிமிட்டல்.

காலுக்குக் கட்டும் பட்டைக்குப் பெரிய கடை தேடவேண்டியதில்லை. ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் இடங்களில் லாரிக்கு ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதை பெடலின் விளிம்பிலும் பெடல் தாங்கும் கம்பியிலும் சுற்றி ஒட்டிவிட்டால், காலில் எதையும் கட்டாமலே ஏறி இறங்கும் வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. விளக்கில்லாமல் ஓட்டும் ஒருவருக்கு உடனே செய்யக்கூடிய, மிக மலிவான உதவி இது.

இனி முன்விளக்கு. பீர்க்கன்கரணையில் இரண்டு வகை இருட்டு உண்டு. மெயின் ரோட்டில் தெருவிளக்கு இருக்கிறது; அங்கே எதிரே வருகிறவருக்குத் தெரிய நூறு, நூற்றைம்பது லூமன் போதும். ஏரிப் பக்கமும் நெடுங்குன்றம் போகும் வழியிலும் அப்படியில்லை. மழையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டால் கைப்பிடியில் இருப்பதுதான் மொத்த வெளிச்சமும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் பக்கம் ஒரு முதலை நிதானமாகச் சாலையைக் கடந்த காட்சி எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்தது. அதைக் காட்டியது வண்டி ஒன்றின் முன்விளக்கு. முதலை எப்போதோ ஒருமுறை; பள்ளமும் படுத்திருக்கும் மாடும் திறந்த கால்வாயும் தினமும். அந்தச் சாலைகளுக்கு 300, 400 லூமன் தேவை.

15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் பார்த்து நிற்கப் பத்து மீட்டர் ஆகும். அந்தப் பத்து மீட்டரில் ரோட்டின் மேற்பரப்பு தெரிந்தால் போதும். அதற்கு வேண்டியது வெளிச்சம் விழும் வடிவம். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் டார்ச் லைட் மாதிரி வட்டமாக அடிப்பவை. பாதி வெளிச்சம் மரக்கிளைக்கும் எதிரே வருகிறவர் கண்ணுக்கும் போகிறது. கண் கூசினவர் முதலில் தவறவிடுவது நம்மையும் நமக்குப் பின்னால் நடந்து வருகிறவரையும்தான். ஜெர்மனியின் விதிப்படி செய்த விளக்குகளில், கார் டிம் லைட்டைப் போல மேல்விளிம்பு வெட்டப்பட்டு வெளிச்சம் முழுவதும் ரோட்டில் விரியும். பத்து மீட்டரில் குறைந்தது 10 லக்ஸ் என்று அவர்கள் அளவு வைத்திருக்கிறார்கள். லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி, லக்ஸ் என்பது போய்ச் சேர்ந்த இடத்தில் விழும் ஒளி. ஓட்டுகிறவருக்கு வேண்டியது பின்னது.

வட்ட வெளிச்சம்தான் கிடைத்தது என்றால் சாய்த்து வைத்துச் சமாளிக்கலாம். கைப்பிடி விளக்கு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்தினால் வெளிச்சத்தின் நடுப்பகுதி சுவரில் 45 சென்டிமீட்டரில், அதாவது பாதி உயரத்தில் விழவேண்டும். அப்போது ரோட்டில் பத்து மீட்டரில் போய் விழும். லேடீஸ் சைக்கிளில் முன் கூடை வெளிச்சத்தை மறைக்கும்; கூடைக்குக் கீழே பொருத்துவது நல்லது. கீழே இருந்து அடிக்கும் வெளிச்சத்தில் பள்ளத்தின் நிழல் நீளமாக விழும், அதனால் பள்ளம் பள்ளமாகவே தெரியும் என்பது கூடுதல் லாபம். தலையில் கட்டும் விளக்கில் நிழலே விழாது; ரோடு தட்டையாகத் தெரிந்து ஏமாற்றும். மழைநீர் நிறைந்த பள்ளத்தை மட்டும் எந்த விளக்கும் காட்டாது. நனைந்த தார் ரோடு வெளிச்சத்தை முன்னோக்கிச் சிதறவிடும், நம் கண்ணுக்குத் திருப்பாது. தண்ணீர் தேங்கிய இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பெட்டியில் அச்சடித்த எண்களை நம்பவேண்டாம். சார்ஜ் செய்யும் விளக்குகளில் பொதுவாக இருக்கும் ஒற்றை லித்தியம் செல் 2,500 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட். பெருக்கினால் சுமார் 9 வாட் மணி. எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு நூறு லூமன் தருவதாக வைத்தால் மொத்தம் 900 லூமன் மணிதான் அந்தச் செல்லுக்குள் இருக்கிறது. 300 லூமனில் மூன்று மணி நேரம், 900 லூமனில் ஒரு மணி நேரம். ஒரே செல்லில் ஆயிரம் லூமன் ஐந்து மணி நேரம் என்று போட்டிருந்தால் அது நடக்காத காரியம்.

மழைக்கு ஐ.பி. எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ.பி.எக்ஸ் 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். ஐ.பி.எக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம். முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் எப்படி ஏறும் என்று 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தவர்கள் இரண்டாவதைக் கேட்பார்கள். தினசரி ஓட்டத்துக்கு முதலாவதே போதும். சார்ஜ் துவாரத்தை மூடும் ரப்பர் அடைப்பான் கழன்றுபோனால் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை, வாங்கும்போது அதைத்தான் இழுத்துப் பார்க்க வேண்டும்.

சார்ஜ் என்றதும் இன்னொரு சிக்கல். ஸ்டேஷன் ஸ்டாண்டில் சைக்கிளை விட்டு ரயிலேறுகிறவர் விளக்கைக் கழற்றி எடுத்துப் போகாவிட்டால் திரும்பி வரும்போது இருக்காது. கழற்றினால் மாட்ட மறக்கும், சார்ஜ் போட மறக்கும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு ஒரு அறையில் நாலு பேரோடு தங்குகிறவருக்குக் கைப்பேசிக்கே பிளக் கிடைப்பது பாடு. இந்த இடத்தில்தான் நாம் கைவிட்ட டைனமோவை மறுபடி நினைக்க வேண்டியிருக்கிறது. பின்சக்கர டயரில் உரசி ஓடிய அந்தப் புட்டி, 6 வோல்ட், 3 வாட். விளக்கில்லாமல் வந்தால் போலீஸ்காரர் நிறுத்துவார், சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம் இருந்த காலத்தில் அது வீட்டுக்கு வீடு இருந்தது. மிதிக்கக் கனக்கும், மழையில் வழுக்கும், நின்றால் அணைந்துவிடும் என்று மூன்று குறை. சக்கர அச்சுக்குள்ளேயே வைக்கும் ஹப் டைனமோ முதல் இரண்டையும் தீர்த்துவிட்டது. நின்ற பிறகும் சில நிமிடம் எரிய ஒரு சிறு கெபாசிட்டர் போதும். எல்.இ.டி. வந்த பிறகு அதே 3 வாட்டில் பழைய குண்டு பல்பைவிடப் பல மடங்கு வெளிச்சம். ஐரோப்பாவில் அன்றாடம் ஓட்டும் சைக்கிள்களில் ஹப் டைனமோ சாதாரணம். நம்மூர்க் கடைகளில் கிடைப்பதே அபூர்வம். சைக்கிள் செய்யும் தொழில் 1950களிலேயே அம்பத்தூரில் வேரூன்றிய மாநகரில் இந்தக் குறை எனக்கு வருத்தம் தருகிறது.

எதிர்த்திசையில் ஓட்டுவதைப் பற்றிப் பேசாமல் இந்தச் சாலையைப் பற்றிப் பேசமுடியாது. மீடியன் திறப்பு தூரத்தில் இருப்பதால், ஓரமாக எதிரே ஓட்டி வீட்டுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் போகும்போது கட்டிய பின்விளக்கு வீண். இடப்புறத் தெருவிலிருந்து திரும்புகிறவர் வலப்பக்கம் மட்டும் பார்த்துத்தான் வண்டியை எடுப்பார், நாம் இடப்பக்கமிருந்து வருவோம். இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்வேன். தள்ளும்போதும் முன்விளக்கு எரியட்டும்.

போகி விடியலில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களையே தாமதப்படுத்தும் ஊர் இது. அன்று முன்விளக்கைக் கூட்டி வைத்தால் புகையில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். குறைத்து, தாழ்த்தி வைக்க வேண்டும். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்பார்கள். பனித்துளிகள் பெரியவை, நிறத்தால் பெரிய மாற்றம் வராது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. ரிஃப்ளெக்டர்களின் தரத்துக்கு மத்திய அரசு 2020இல் ஆணை கொண்டுவந்தது. விளக்கைப் பற்றி அப்படி எதுவும் இல்லை. அபராதம் போட்டு இதைச் சரிசெய்யச் சொல்ல எனக்கு மனமில்லை, அது சம்பளத்தில் இருநூறு ரூபாய் குறைந்தாலும் தவிக்கிறவர்கள் தலையில்தான் விழும். அரசு தானே வாங்கிக் கொடுக்கும் சைக்கிளிலிருந்து தொடங்கலாம். 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் 2005 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவருக்குமாக விரிந்தது. அந்தச் சைக்கிள்களில் கூடை உண்டு, கேரியர் உண்டு. விளக்கு இருந்து நான் பார்த்ததில்லை. பிள்ளை கல்லூரிக்குப் போனபின் அதே சைக்கிளில் அப்பா காவல் வேலைக்கோ அம்மா வீட்டு வேலைக்கோ போவதைப் பீர்க்கன்கரணைத் தெருக்களில் பார்க்கலாம். லட்சக்கணக்கில் வாங்கும் டெண்டரில் மூன்று வரி சேர்த்தால் போதும்: முன்சக்கரத்தில் ஹப் டைனமோ, கேரியரின் கடைசிக் கம்பியில் போல்ட் போட்டு முடுக்கிய சிவப்பு விளக்கு, இரண்டு பெடலிலும் ரேடியம்.